ஒன்பது பச்சைப் பொட்டு

ஒன்பது நாய்கள் அதிகமாக இருந்தன. அதுவும் நெற்றியில் பச்சைப் பொட்டோடு.

இது தெரியவருவதற்கு ஒரு நிமிஷம் முன்பு வரை நவநீதன் சந்தோஷமாகத்தான் இருந்தான். தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து விசில் அடித்துக்கொண்டே பைக்கில் இறங்கி வந்தவன், கீழ் லயன் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசைப் பக்கம் தார்ப்பாய் கட்டி ஊசி மருந்து அடுக்கிக்கொண்டிருந்த டாக்டர் ஆஷ்லியிடம் நோட்டை நீட்டினான்.

"ஒம்பதாம் நம்பர் லயன். நூத்துக்கு நூறு மேடம்! பார்த்த இருபத்து மூணு நாய்க்கும் பொட்டு இருக்கு. ஆறு வருஷத்துல இப்படி ஒரு லயன் பார்த்ததே இல்லீங்க."

ஆறு வருஷமாக இதுதான் அவன் வேலை. அவர்களுடைய டிரஸ்ட், எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும். ஊசி போட்ட நாயின் நெற்றியில் சாயம் பீய்ச்சி விடுவார்கள். ஃபேக்டரி லயனுக்கு நீலம், கீழ் லயனுக்குச் சிவப்பு, ஒன்பதாம் நம்பருக்குப் பச்சை. ஒரு நாள் விட்டு, விடியற்காலையில் நவநீதன் போய் எண்ணுவான். பத்துக்கு ஏழு நாய்க்குப் பொட்டு இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் வலை மறுபடி அந்த லயனுக்குப் போகும்.

ஆஷ்லி நோட்டைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கூடலூர்க்காரி. முப்பது வயசுதான். ஆனால் கோபம் வந்தால் குரல் இறங்குமே தவிர ஏறாது. இப்போது இறங்கியது.

"அண்ணா, திங்கக்கிழமை அந்த லயன்ல எத்தனை ஊசி போட்டோம்?"

"பதினாலு."

"பதினாலு ஊசிக்கு இருபத்து மூணு பொட்டு எப்படி வந்தது?"

நவநீதன் நோட்டைத் திருப்பி வாங்கிக் கோடுகளை மறுபடி எண்ணினான். இருபத்து மூன்றுதான்.

"குட்டி போட்டிருக்கா?"

"பொட்டோடவா மேடம் பொறக்கும்?" சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அவள் முகம் அசையவில்லை என்றதும் அவசரமாகச் சொன்னான். "இல்லீங்க. அங்க எல்லாத்துக்கும் ஆபரேஷன் ஆயிருச்சு. மூணு வருஷமா ஒரு குட்டி கிடையாது."

"அப்ப சரி. ஒரு இடத்துல எண்ணிக்கை கூடணும்னா ரெண்டே வழிதான். பொறக்கணும், இல்லேன்னா வெளியில இருந்து வரணும். குறையறதுக்கும் ரெண்டே வழி. சாகணும், இல்லேன்னா போகணும். அஞ்சாவது வழி கடவுளுக்கும் தெரியாது. பொறக்கலைன்னா, வந்திருக்கு. வேற லயன்ல இருந்து வந்திருந்தா நீலமோ சிவப்போ இருக்கணும். புதுசா வந்திருந்தா பொட்டே இருக்கக் கூடாது. பச்சை எப்படி?"

"தெரியலீங்க."

"ரெண்டு விளக்கம் இருக்கு. ஒண்ணு, நீங்க மேல போகவே இல்ல. ஃபேக்டரி டீக்கடையில உக்காந்து எழுதிட்டீங்க."

"மேடம்!"

"ரெண்டு, யாரோ நம்ம வேலையை நமக்காகச் செஞ்சிருக்காங்க." அவள் ஊசிப் பெட்டியை மூடினாள். "எனக்கு முதல் விளக்கம்தான் வேணும் அண்ணா. திட்டிட்டு விட்டுருவேன். ரெண்டாவதை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு. பக்கத்து எஸ்டேட்ல போன மாசம் ஒரு நாய்க்கு வெறி வந்ததா இல்லையா? அது பத்து லயன்ல பரவிக் கிடக்கற நாய்க்குள்ள வந்தா ஒண்ணு ரெண்டைக் கடிச்சிட்டுச் சாகும். ஒரே வாசல்ல இருபத்து மூணு நெருக்கியடிச்சுப் படுத்திருக்கற எடத்துக்குள்ள வந்தா?"

அவள் முடிக்கவில்லை. நவநீதன் பைக்கை உதைத்துவிட்டான்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரங்கள் பனிக்குள் பாதி உடம்பை விட்டுவிட்டு நின்றன. கீழ் லயனைக் கடக்கும்போது காது நிறையச் சத்தம். ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள், துணி துவைக்கும் பெண்கள், இந்திப் பாட்டு, இரண்டு மாசக் குழந்தையின் வீறல். கொண்டை ஊசி வளைவு ஒன்று. அதோடு சத்தம் அறுந்தது. அதற்கு மேல் அவன் பைக் மட்டும்தான்.

ஒன்பதாம் நம்பர் லயன். ஓட்டுக்கூரை போட்ட பன்னிரண்டு வீடுகள், ஒரே முதுகெலும்பில் கோத்த மாதிரி. அவன் இந்த வேலைக்கு வந்த புதிதில் இங்கே அறுபது பேர் இருந்தார்கள். தண்ணீர்க் குழாயில் சண்டை நடக்கும். இன்றைக்குப் பதினோரு வீட்டில் பூட்டு. யாரும் விரட்டவில்லை. திருப்பூருக்கு ஒரு குடும்பம், கோயம்புத்தூருக்கு ஒரு குடும்பம், கேரளாவுக்கு இரண்டு குடும்பம் என்று பஸ் ஏறினார்கள். வயசானவர்கள் மேட்டுக்குப் பின்னால் குழியில் படுத்தார்கள். கடைசிக் குழந்தையும் போன பிறகு பால்வாடியை மூடினார்கள்.

மிச்சம் இருப்பது ஐந்தாம் நம்பர் வீட்டு மரகதம். ஐம்பத்திரண்டு வயசு. கொழுந்து பறிக்கிறவள். புருஷன் போய் எட்டு வருஷம். இரண்டு மகன்கள் திருப்பூரில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், வந்தால்.

பைக்கை நிறுத்தியதும் நாய்கள் எழுந்து நின்றன. குரைக்கவில்லை. ஆள் குரலுக்கு ஏங்கிப்போன நாய்கள் குரைப்பதில்லை, வாலை ஆட்டிக்கொண்டு வந்து கையை முகர்கின்றன. அவன் ஒரு செவலை நாயின் தாடையைப் பிடித்து நெற்றியைப் பார்த்தான்.

காலையில் இதைப் பார்க்காமல் எப்படி விட்டான்! பனிமூட்டம், அவசரம், பச்சையாக ஏதோ தெரிந்தது, கோடு போட்டான். அவ்வளவுதான். பீய்ச்சின பொட்டுக்கு ஓரம் கிடையாது, புகை மாதிரி கலைந்திருக்கும். இதற்கு ஓரம் இருந்தது. நடுவில் விரல் ரேகை இருந்தது. சாமிக்கு முன்னால் நின்று குழந்தைக்கு வைத்துவிடுகிற மாதிரி, யாரோ நடுவிரலால் அழுத்தி வைத்த பொட்டு. முகர்ந்தான். கதவுக்கு அடிக்கும் பெயிண்ட்.

நிமிர்ந்தான். பன்னிரண்டு கதவும் பச்சை.

"மரகதக்கா!"

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. வேலை நாள். மணி பதினொன்று. கொழுந்து மலையில் இருக்க வேண்டியவள் வீட்டில் இருக்கிறாள். காய்ச்சலிலும் லீவு போடாதவள் என்று எஸ்டேட்டே சொல்லும்.

கதவு பாதி திறந்தது. "வாங்க தம்பி. காத்தால வந்துட்டுப் போனீங்க, மறுக்கா வந்திருக்கறீங்க? டீ வெக்கட்டுங்களா?"

வலது கையைச் சால்வைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இடது கையால்தான் கதவைப் பிடித்திருந்தாள்.

"லீவா அக்கா?"

"ஆமாங்க. கையில தேயிலைக் கட்டை குத்திருச்சு."

"காட்டுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மஞ்சப்பொடி வெச்சுட்டேன்."

"அக்கா, பெயிண்ட் டப்பா எங்க வெச்சிருக்கறீங்க?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் வாலாட்டிக்கொண்டு நின்ற செவலையைப் பார்த்தாள். பிறகு சண்டை போட ஆள் கிடைத்த சந்தோஷம் மாதிரி ஒன்று அவள் முகத்தில் வந்தது.

"ஆமாங்க, நான்தான் வெச்சேன்! என்ன பண்ணுவீங்க? திங்கக்கிழமை உங்காளுங்க வலையைத் தூக்கிட்டு வர்ற சத்தம் கேட்டுது. புதுசா வந்ததுங்க ஒம்பதையும் பால்வாடிக்குள்ள தள்ளிச் சாத்திப்போட்டேன். சாயங்காலம் பொட்டு வெச்சு வெளிய உட்டேன். பொட்டு இருந்தா வண்டியில ஏத்த மாட்டீங்கல்ல?"

"ஊசி போட்டுட்டு அங்கயேதானுங்க விடுவோம்! எதுக்கு ஏத்தறோம்?"

"போன வருஷம் ஏத்துனீங்களே. ராஜகுமாரி ஊட்டு டைகரு, கீர்த்திவாசன் ஊட்டு வெள்ளச்சி. சொறி இருக்குது, ஊட்டிக்குக் கொண்டுபோயி மருந்து போட்டுக் கொண்டாந்து உட்டுருவோம்னீங்க. எங்கீங்க அதுங்க?"

நவநீதன் குனிந்து செவலையின் கழுத்தைத் தடவினான்.

அவனுக்குத் தெரியும். காப்பகத்தில் வேறு ஏதோ காய்ச்சல் வந்து இரண்டும் ஒரே வாரத்தில் செத்துப்போயின. அவன் நோட்டில் எழுதினான். ஆனால் இவளிடம் சொல்லவில்லை. ஒற்றை ஆளாகக் கிடக்கிறவளிடம் எதற்குச் சாவுச் செய்தி என்று நினைத்தான். அவள் கேட்கும்போதெல்லாம் "வரும்க்கா, வரும்க்கா" என்று சொல்லிவிட்டுப் பைக் ஏறினான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு!

"செத்துப்போச்சுங்க அக்கா. ரெண்டும். போன கார்த்திகையிலயே. நான்தான் சொல்லாம உட்டுட்டேன்."

கதவிலிருந்த மரகதத்தின் இடது கை மெதுவாகக் கீழே இறங்கியது. சால்வை நழுவியது. வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த துணி தெரிந்தது. மஞ்சளுக்கு நடுவே கறுப்பாக நீர் கசிந்திருந்தது.

அவன் கேட்காமலே துணியை அவிழ்த்தான். மேலே இரண்டு ஓட்டை, கீழே ஒன்று. ஆறு வருஷத்தில் நூறு தடவை பார்த்த காயம்.

"எந்த நாய்?"

"கட்டை குத்துனதுங்க."

"மரகதக்கா, எந்த நாய்?"

"...வீரையா ஊட்டு ராஜா. அவன் கடிக்கறவனே இல்லீங்க தம்பி. பொட்டு வெக்கப் புடிச்சேன். ஒடம்பு சரியில்லாம இருந்தான், சுள்ளுன்னு வந்துட்டான். திங்கக்கிழமை சாயங்காலம்."

"ஒடம்பு சரியில்லைன்னா?"

"ஞாயித்துக்கிழமையே சோறு தொடலை. நேத்து தண்ணி வெச்சேன், கிட்டப் போறான், நக்க முடியலை. வாய் தொங்கிட்டுக் கெடக்குது. எச்சி வழியுது. தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும்னு நெனச்சேன்."

"இப்ப எங்க இருக்கு?"

"காத்தால நீங்க வந்தப்ப செடிக்கு அடியில படுத்திருந்தான். இப்பக் காணமுங்க. தேடிட்டுத்தான் இருந்தேன்."

அவன் காலையில் அந்த நாயைப் பார்த்திருந்தான். தூங்குகிறது என்று நினைத்து, பொட்டை மட்டும் பார்த்து, இருபத்து மூன்றாவது கோட்டைப் போட்டிருந்தான்.

போன் சிக்னல் அந்த லயனில் ஒரே இடத்தில்தான் வரும், பால்வாடிப் படியில். ஓடினான். ஆஷ்லி முதல் மணியிலேயே எடுத்தாள். அவன் சொல்லி முடிக்கும் முன்பே ஜீப் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. ஓடற தண்ணியில. பதினஞ்சு நிமிஷம், ஒரு நிமிஷம் குறையக் கூடாது. நான் வந்துட்டே இருக்கேன். ரெண்டு நாள்தான் ஆச்சு, இன்னும் நேரம் இருக்கு. ஆனா இன்னைக்கே ஊசி போட்டாகணும். தடுப்பூசியும் வேணும், காயத்தைச் சுத்திப் போடற சீரமும் வேணும். ராத்திரி ஆஸ்பத்திரியில தங்க வேண்டி வரலாம்னு சொல்லுங்க."

குழாயடியில் மரகதம் குந்தி உட்கார்ந்தாள். துணி சோப்பு. பனியில் ஊறிய தண்ணீர் கையை அறுத்தது. நவநீதன் போனில் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்த ஒம்பதும் எப்படிங்க வந்தது?" என்று கேட்டான்.

"கொண்டாந்து உட்டாங்க. வேற எப்படி வரும்? திருப்பூர்ல ஒத்த ரூமு, மாடியில. ஊட்டுக்காரன் மனுசனுக்கே மொகஞ்சுளிக்கறான், நாய்க்கு எடம் குடுப்பானா? கெளம்பற அன்னிக்குப் பொழுது விடிய இங்க வருவாங்க. கீழ் லயன், பங்களா லயன், எல்லா லயன்ல இருந்தும். 'மரகதம், இவனை மட்டும் பார்த்துக்க, வந்து கூட்டிக்கறோம்'பாங்க. கட்டிப்புடிச்சு அழுவாங்க. என்னையில்லீங்க, நாயை." அவள் சிரித்தாள். "இந்த லயன்ல இருந்து மொதல்லயே போன தங்கையா ஊட்டு வனிதா புள்ள இருக்குதே, அதுக்கு மணியை உட்டுட்டுப் போக மனசே இல்ல. ஜீப்புக்குப் பின்னால மணி ஓடுனான் பாருங்க, வளைவு வரைக்கும். வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணும். போனைக் காதுல வெச்சா வாலை ஆட்டுவான். அப்பறம் மாசத்துக்கு ஒருக்கா. இப்ப இல்ல."

"எல்லாத்துக்கும் ஊட்டுப் பேர்தானா?"

"பின்ன? தங்கையா ஊட்டு மணி. வீரையா ஊட்டு ராஜா. அவங்க வந்து கேட்டா அடையாளம் சொல்லணுமில்ல? சாயங்காலம் சோத்துக்குப் பேர் சொல்லிக் கூப்புடறேனுங்க. பதினோரு ஊட்டுப் பேரும் சத்தமாச் சொல்லலாம். இல்லீன்னா எந்தப் பேரைச் சொல்லி எதுக்குக் கூப்புடறது இந்த மலையில?"

நவநீதன் பெண்டாட்டி செல்வியும் மகளும் பள்ளிக்கூடத்துக்காகக் கோயம்புத்தூர் போய் இரண்டு வருஷம். வெலிங்டனில் ஒரு வாடகை அறை அவனுக்கு. சாயங்காலம் போனால் அறையில் அவன் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

"பன்னெண்டு நிமிஷம்," என்றான்.

"கை மரத்துப்போச்சு தம்பி."

"கழுவுங்க. அப்பறம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ஜீப்ல வர்றாங்க. ஒரு ராத்திரி தங்கற மாதிரி இருக்கும்."

அவள் கை சட்டென்று தண்ணீரிலிருந்து வெளியே வந்தது.

"ராத்திரியா? நான் வரலீங்க."

"அக்கா..."

"ஊசியை இங்க கொண்டாந்து போடச் சொல்லுங்க. இந்த ஊட்டை உட்டு மூணு வருஷமா ஒரு ராத்திரி வெளிய தங்கலை நானு. சின்னவன் ஊட்டு விசேஷத்துக்கே போகலை. ஏன் தெரியுங்களா? சூப்பர்வைசர் ராஜசேகர் சாயங்காலமானா எதிர் மலை ரோட்டுல நின்னு பார்ப்பாரு. பொகை வந்தா ஆள் இருக்குது. வரலைன்னா மறுநாள் காத்தால ஆபீஸ்ல இருந்து பூட்டு வரும். பாண்டியராஜ் ஊட்டுக்கு அப்படித்தான் வந்துது. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பார்த்தா அவன் கதவுல எஸ்டேட் பூட்டு. கீழ் லயன்ல எடம் தர்றோம்னாங்க. எனக்கும் தருவாங்க. இவங்களுக்கு?" நாய்களைக் காட்டினாள். "இருபத்து மூணையும் கூட்டிட்டுக் கீழ போனா, அந்த ஜனங்க பச்சப்புள்ளைகளை வெச்சுட்டு உடுவாங்களா? உடமாட்டாங்க. நியாயம்தான."

"ஊசி போடலைன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"செத்துப்போவேன்."

"சும்மா சாக மாட்டீங்க. ராஜா மாதிரி சாவீங்க. தண்ணியைப் பார்த்துப் பயந்து. அது ஆரம்பிச்சிருச்சுன்னா எந்த டாக்டராலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியுங்க," என்றாள் மரகதம், நிதானமாக. "பொறந்த ஊரு இதுதான். பார்த்திருக்கறேன்."

அவளைச் சாவைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. நவநீதனுக்கு அது புரிந்தது. புரிந்ததும் அவளுக்கு வலிக்கிற இடமும் புரிந்தது. குரூரம்தான். வேறு வழியில்லை.

"சரி. நீங்க செத்தீங்கன்னு வெச்சுக்குவோம். நாய் கடிச்சு ஒரு ஆள் செத்துப்போச்சுன்னு கீழ தெரிஞ்சா, அடுத்த நாள் தடியோட வருவாங்க. பொட்டு பார்க்க மாட்டாங்க. எந்த ஊட்டு நாய்னு கேக்க மாட்டாங்க. மணி, செவலை, எல்லாத்தையும் இந்த வாசல்லயே அடிப்பாங்க. நீங்க பேர் சொல்லிக் கூப்புட்டுப் பழக்கினதால, அதுங்க ஓடவும் ஓடாது. வாலாட்டிட்டுக் கிட்டப் போகும்."

மரகதத்தின் கண் அவன் முகத்திலேயே நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் கையை மறுபடி தண்ணீருக்குக் கீழே நீட்டினாள்.

"பொகைக்கு என்ன பண்ணறது?"

"நான் இருக்கேன்."

"நீங்களா? அடுப்புப் பத்த வெக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"நாய் புடிக்கத் தெரியுது, அடுப்பா தெரியாது?"

"வெறகு ஈரம். பாட்டில்ல மண்ணெண்ணெய் துளி இருக்குது, பார்த்து ஊத்துங்க. சோறு பெரிய குண்டாவுல. உப்புப் போடாதீங்க," என்றாள். பிறகு, "பதினஞ்சு ஆயிருச்சா?"

ஆகியிருந்தது. போனைப் பார்க்க அவன் மறந்துபோயிருந்தான்.

ஜீப் வந்தது. ஆஷ்லி இறங்கி முதலில் காயத்தைப் பார்த்தாள், பிறகு மரகதத்தின் கண்ணைப் பார்த்தாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. கூட வந்த நாய் பிடிக்கும் ஆட்கள் இருவரை ராஜாவைத் தேட அனுப்பினாள். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓடையில் கிடந்தது. கறுப்பு நாய். தாடை தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் பச்சைப் பொட்டு மட்டும் புதுசாக, பளிச்சென்று.

மரகதம் ஓரடி முன்னால் வைத்தாள். நவநீதன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"ராஜா," என்றாள் அங்கிருந்தே.

நாய் தலையைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. வால் நுனி மட்டும் ஈரச் சருகில் இரண்டு தடவை தட்டியது. ஆஷ்லி சைகை காட்டினாள். நவநீதன் மரகதத்தைத் திருப்பி ஜீப்புக்கு நடத்திப் போனான். பின்னால் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை.

மிச்சம் எட்டு விரல் பொட்டுக்காரர்களையும் பால்வாடிக்குள் விட்டு, ஒவ்வொன்றாக ஊசி போட்டு, கதவைச் சாத்தினார்கள். எட்டும் பல நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ராஜாவின் உடம்பைப் பரிசோதனைக்குக் கட்டி எடுத்தார்கள். முடிவு என்ன வரும் என்பதில் ஆஷ்லிக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜீப் கிளம்பும்போது அவள் மட்டும் நவநீதன் பக்கம் குனிந்தாள். "அந்த ரெண்டு நாய் செத்ததை அவங்ககிட்ட யார் சொல்லியிருக்கணும் அண்ணா?"

"நான்தான்."

"ம்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஜீப்புக்குப் பின்னால் பதினான்கு நாய்களும் ஓடின. வளைவு வரைக்கும். அங்கே நின்றன. ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்து, வாசலில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தன.

நாலரை மணிக்கு அடுப்புப் பத்தவில்லை. ஐந்துக்கும் பத்தவில்லை. விறகு உண்மையிலேயே ஈரம். இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். எதிர் மலை ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மீதி மண்ணெண்ணெயையும் கொட்டி ஊதினான். குப்பென்று பிடித்தது. ஓட்டுக்கு மேலே புகை ஏறி, பனியோடு பனியாகக் கலந்தது. தெரியுமோ தெரியாதோ என்று வெளியே ஓடிவந்து பார்த்தான்.

"மரகதம்!" எதிர் மலையிலிருந்து கூப்பிட்டது குரல். ராஜசேகர்தான்.

"ஆஸ்பத்திரி போயிருக்காங்க! காத்தால வந்துருவாங்க!"

"அப்ப ஊடு காலியா?"

"நான் இருக்கேனுங்க! டிரஸ்ட் நவநீதன்!"

"நீ எஸ்டேட் ஆள் இல்லையேப்பா!"

"பொகை எஸ்டேட் பொகைதானுங்க!"

ராஜசேகரின் சிரிப்பு பள்ளத்தைத் தாண்டி வந்தது. "இன்னைக்கு ஒரு நாள் பார்த்துக்கறேன். நாளைக்கு அந்தப் பொம்பளை இல்லேன்னா பூட்டுதான்!" மோட்டார் சைக்கிள் புறப்பட்டது. அந்தச் சத்தம் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் போனது.

அதன் பிறகு வந்த அமைதி நவநீதன் எதிர்பார்த்தது இல்லை. அவன் அறையில் இருப்பது வேறு மாதிரி. அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ டிவி போடுவார்கள். இங்கே பதினோரு கதவு. ஒரு கதவின் பின்னாலும் ஆள் இல்லை என்பது தெரிந்திருந்தும், காது ஒவ்வொரு கதவாகப் போய் ஒட்டிக் கேட்டுவிட்டு வந்தது. பால்வாடிக்குள் ஒரு நாய் கதவைப் பிராண்டியது. அதுவே ஆறுதலாக இருந்தது. இதில் மரகதத்துக்கு மூன்று வருஷம். ஒவ்வொரு சாயங்காலமும்.

சோறு வெந்தது. உப்புப் போடவில்லை. ஆறவைத்து, பதினான்கு இடத்தில் வைத்தான். நாய்கள் முகர்ந்தன. ரோட்டைப் பார்த்தன. வாய் வைக்கவில்லை.

பால்வாடிப் படிக்குப் போய் நின்றதும் போன் வந்தது. ஆஷ்லியின் எண். குரல் மரகதத்தினுடையது.

"ஊசி போட்டாச்சுங்க தம்பி. காயத்தைச் சுத்திச் சுத்திக் குத்தறாங்க, கெட்ட வலி. இன்னும் நாலு தடவை வரணுமாம். டாக்டரம்மா இங்கதான் உக்காந்திருக்குது, போகச் சொன்னாலும் போக மாட்டீங்குது. நேரத்துக்கு வந்துட்டீங்கங்கறாங்க." நிறுத்தினாள். "பொகை?"

"வந்துச்சுங்க. பார்த்துட்டுப் போயிட்டாரு."

"சாப்புட்டாங்களா?"

பொய் வாய்வரைக்கும் வந்தது. சாப்பிட்டாச்சு, நல்லாத் தூங்கறாங்க, நீங்க கவலைப்படாதீங்க. ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகிய அதே நல்ல பொய்.

"இல்லீங்க அக்கா. ஒண்ணும் தொடலை. ரோட்டையே பார்த்துட்டு இருக்குதுங்க."

"பேர் சொல்லலைன்னா திங்க மாட்டாங்க. சொல்லுங்க. சத்தமாச் சொல்லோணும், ஊட்டுப் பேரைச் சேர்த்து. நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன், நீங்க சொல்லுங்க. மொதல்ல மணி. தங்கையா ஊட்டு மணி."

நவநீதன் சுற்றிலும் பார்த்தான். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கேட்க ஆளில்லை. இருந்தும் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"தங்கையா ஊட்டு மணி!"

வரிசையின் கடைசியில் ஒரு காது நிமிர்ந்தது.

"இன்னும் சத்தமா," என்றது போன்.